டெட்ராய்ட்டின் தாளக் கலைஞர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், மிச்சிகன் மாநிலத்தில், ஆற்றுக்கு அப்பால் கனடா நாட்டை எதிர்நோக்கி நிற்கும் மாநகரம் டெட்ராய்ட்டு. மோட்டார் வண்டித் தொழிலின் தாயகம் என்று உலகம் அதனை அறியும். 1913-ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த ஹைலண்டு பார்க்கு என்னுமிடத்தில் ஹென்றி போர்டு தம் தொழிற்சாலையில் ஒரு புதுமுறையைக் கையாண்டார். அதற்கு முன்னர்த் தொழிலாளர் வண்டியை நாடிச் சென்று வேலை செய்தனர். அதன் பின்னரோ வண்டியின் உடல் தொழிலாளரை நாடி நகர்ந்து வந்தது. கையிலுள்ள திருகாணியை முடுக்கி நிமிர்வதற்குள் அடுத்த வண்டி எதிரே வந்து நிற்கும். பொறியின் காலத்துக்கு மனிதன் தன் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வூரிலேயே பொறியின் காலத்தை மனிதக் கையின் காலத்துக்கு இணங்குவித்த இளைஞர் ஒருவர் தோன்றினார். அவர்தாம் ஜேம்ஸ் டெவிட் யான்சி. ஜே டில்லா என்ற பெயரால் இசையுலகம் அவரை அறியும்.

டெட்ராய்ட்டுக்கு வண்டிகளேயன்றி இசையும் செல்வமாக இருந்தது. மோட்டார் தொழிற்சாலையில் கூலி வேலை செய்திருந்த பெர்ரி கோர்டி என்பவர் 1959-இல் அங்கு ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே புகழ்பெற்ற மோட்டவுன் ஆகும். 1972-இல் அந்நிறுவனம் லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தது. தொழில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்தன. 1950-இல் ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 2000-இல் 9 இலட்சத்து 51 ஆயிரமாகக் குறைந்தது. தேய்பிறையில் இருந்த அந்நகரில் 1974-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார்.

அவருடைய கலை இன்னதென்று அறிய, ஹிப் ஹாப் என்னும் இசைவகையின் தோற்றத்தைச் சிறிது அறிதல் வேண்டும். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றன் பொதுக்கூடத்தில் ஒரு நடன விருந்து நிகழ்ந்தது. ஜமைக்காத் தீவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அங்கு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். பாட்டின் நடுவே பாடகர் குரல் ஓய்ந்து முரசு மட்டும் முழங்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் மிகுந்த களிப்பெய்துகின்றனர் என்பதை அவர் கண்டறிந்தார். ஒரே தட்டின் இரு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அம்முரசுப் பகுதியையே மாறிமாறி ஒலிக்கச் செய்யும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். சில நொடி முழக்கம் பல நிமிட முழக்கமாக நீண்டது. அதன்மேல் இயைபுத் தொடை அமைந்த சொற்களைத் தாளத்தோடு விரைந்து கூறும் வழக்கமும் வளர்ந்தது. இதனை ராப் என்பர். இங்ஙனம் வறியோர் வாழ்ந்த தெருக்களில், விலையுயர்ந்த இசைக்கருவிகளின் துணையின்றி, பழைய தட்டுகளையே கருவியாகக் கொண்டு எழுந்ததே ஹிப் ஹாப்.

‘தயாரிப்பாளர்’ என்றதும் நம் நாட்டில் திரைப்படத்துக்குப் பணம் இடுபவரே நினைவுக்கு வருவார். ஹிப் ஹாப் இசையில் அச்சொல்லின் பொருள் வேறு. அங்குத் தயாரிப்பாளர் என்பவர் சொற்களுக்கு அடியில் ஓடும் இசையை முழுவதும் ஆக்குபவர். முரசும் அவரே, யாழும் அவரே, பின்னணி வகுப்பவரும் அவரே. ஆயினும், பாட்டைக் கேட்போர் ராப் கூறுபவரின் பெயரை அறிவரேயன்றி இவருடைய பெயரை அறிதல் அரிது. மேடையில் விளக்கொளி அவர்மீது வீழ்வதில்லை.

ஜேம்சின் தந்தையார் இசைக்கலைஞர். தாயார் மவுரீன் யான்சி இசைப்பயிற்சி பெற்றவர். டெட்ராய்ட்டின் வடகிழக்கில் கோனன்ட் கார்டன்சு என்னும் குடியிருப்பில் அவர்கள் வாழ்ந்தனர். மொழி நன்கு திருந்தாத குழந்தைப் பருவத்திலேயே மகன் இசைத்தட்டுகளை இயக்கி மகிழ்ந்தான் என்று தாயார் பிற்காலத்தில் கூறியுள்ளார். பள்ளிப் பருவத்தில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழுவை ஜேம்ஸ் அமைத்தார். சிலம் வில்லேஜ் என்று பின்னர் அறியப்பட்ட குழு அதுவே. வீட்டின் நிலவறையே அவருக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று.

அக்குடியிருப்பில் ஆம்ப் பிட்லர் என்னும் இசைவல்லுநர் வாழ்ந்தார். புகழ்பெற்ற ஜார்ஜ் கிளின்டனின் குழுவில் விசைப்பலகை வாசித்தவர் அவர். தம் வீட்டுக் கதவை அண்டை அயலிலுள்ள இளைஞருக்குத் திறந்துவைத்து, தாம் விலைகொடுத்து வாங்கிய எம்.பி.சி. 60 என்னும் கருவியைத் தொட்டுப் பழக இசைந்தார். கற்பிக்கும் கடமை ஏதும் அவருக்கு இல்லை, ஊதியமும் இல்லை. இத்தகையோர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் இருப்பின் எத்தனையோ கலைகள் பிழைத்துக்கொள்ளும். ஜேம்சின் கையில் கருவி பெற்ற விரைவைக் கண்டு அவர் வியந்தார்.

எம்.பி.சி. கருவியை வகுத்தவர் ராஜர் லின் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர்; செய்து விற்றது ஜப்பானிய நிறுவனமாகிய அகாய். 1988-இல் அது வெளிவந்தது. அதன் முகப்பில் வரிசைக்கு நான்காக 16 சதுரத் தட்டுகள் உள. எந்த ஒலியையும் சிறு துணுக்காகப் பதிவு செய்து ஒரு தட்டில் வைக்கலாம். விரலால் அத்தட்டை அடித்தால் அவ்வொலி எழும். ஒன்றில் பெருமுரசு, மற்றொன்றில் சிறுமுரசு, வேறொன்றில் கைத்தாளம் போன்ற இணைத்தகடுகள், பிறிதொன்றில் பழைய பாட்டின் ஓர் அசை என வைத்து, பத்து விரல்களால் ஒரு பெருங்குழுவையே இயக்கலாம். ஆயினும் அதன் தொடக்க நினைவாற்றல் ஏறத்தாழ 13 நொடி ஒலியே. அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு முழுப் பாட்டுக்கு வேண்டியவற்றையெல்லாம் அடக்கவேண்டும். குறுகிய அடிக்குள் பொருளை அடக்கும் புலவனுக்குள்ள இடர்ப்பாடு இவ்விசைஞருக்கும் இருந்தது.

இனி, அக்கருவி காலத்தை அளக்கும் முறையைக் காண்போம். தமிழ் இலக்கணம் எழுத்தின் ஒலியை மாத்திரையால் அளக்கின்றது. எம்.பி.சி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைப்பட்ட காலத்தை 96 கூறுகளாக்கி அளக்கின்றது. நிமிடத்துக்கு 90 தட்டு விழும் நடையில் ஒரு பாட்டு செல்வதாகக் கொள்வோம். அப்போது ஒரு நொடிக்குள் 144 கூறுகள் அடங்கும். கண்ணிமைக்கும் நேரத்தினும் நுண்ணிய அளவு இது. வாசிப்பவன் விரல் சில கூறுகள் முந்தியோ பிந்தியோ விழுந்தால், கருவியே அவ்வடியைப் பிடித்து, அருகிலுள்ள ஒழுங்கான இடத்தில் நிறுத்திவிடும். மனிதன் செய்த பிழையைப் பொறி திருத்துகின்றது. ராஜர் லின் நுண்ணறிவுடையவர். முற்றும் ஒழுங்கான தாளம் உயிரற்று ஒலிக்கும் என்பதை உணர்ந்து, ஒன்றுவிட்ட அடிகளைச் சிறிது தாழ்த்தி ஒலிக்கச் செய்யும் அசைநடை ஒன்றையும் கருவியில் அமைத்தார். ஆயினும் அதுவும் ஓர் ஒழுங்கே. ஒருமுறை அமைத்துவிட்டால் எல்லா அடிகளும் ஒரே அளவில்தான் அசையும்.

ஜேம்ஸ் இத்திருத்தத்தை அறவே நிறுத்திவிட்டார் என்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. டான் சார்னஸ் என்னும் ஆசிரியர் 2022-இல் வெளியிட்ட ஒரு நூலில் இதனை நன்கு விளக்கியுள்ளார். ஜேம்ஸ் சில ஒலிகளைக் கருவியின் ஒழுங்குக்கு உட்படுத்தினார். சிலவற்றை அசைநடையில் விடுத்தார். சிறுமுரசை வேண்டுமென்றே சில கூறுகள் முந்தி எழுமாறு நகர்த்தினார். பெருமுரசைத் தம் விரலின் போக்கிற்கே விட்டார். நேர்நடையும் அசைநடையும் ஒரே வேளையில் ஒன்றோடொன்று உராய்ந்து செல்லலாயின. கேட்பவன் தலையை அசைக்கத் தொடங்குவான், எந்த அடியில் அசைப்பது என்று தடுமாறுவான், தடுமாறியபடியே அசைத்துக்கொண்டிருப்பான்.

நம் இசையிலும் எடுப்பு மூவகைப்படும் என்பதை இசை பயின்றோர் அறிவர். தாளத்தோடு ஒத்துத் தொடங்குவது சமம். தாளத்துக்கு முன்னே தொடங்குவது அதீதம். பின்னே தொடங்குவது அனாகதம். ஆனால், அவை பாட்டின் எடுப்பைப் பற்றியவை. அளவும் வரையறையும் உடையவை. ஜேம்ஸ் செய்ததோ ஒவ்வோர் அடிக்கும் உரிய நுண்மாற்றம். இரண்டும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. எனினும், தாளத்துக்குக் கட்டுப்பட்டே அதனோடு விளையாடும் இன்பத்தை நம் செவி முன்னரே அறியும் என்பதால், அவர் கலையை நாம் உணர்வது எளிது.

பழைய தட்டுகளிலிருந்து ஒலியை எடுத்தாளுதல் களவாகாதோ என்று ஒருவர் வினவலாம். இவ்வினா அமெரிக்க நீதிமன்றங்களிலும் எழுந்தது. இசைவு பெறாமல் பிறர் பாட்டின் பகுதியை எடுத்தாளுதல் குற்றம் என்று 1991-இல் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அது முதல் உரியவரிடம் இசைவு பெற்றுப் பொருள் கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. முன்னையோர் உழைப்புக்கு ஊதியம் தருதல் முறையே. ஆயினும், ஒரு பாட்டின் புகழ்பெற்ற பகுதியை அப்படியே எடுத்துத் தன் பெயரை ஒட்டுதல் வேறு. எவரும் கவனியாத ஓர் அரைநொடி ஒலியைத் தேடிக் கண்டு, அதனை நறுக்கி, வரிசை மாற்றி, வேறொரு பொருள் தோன்றக் கோத்தல் வேறு. ஜேம்ஸ் இரண்டாவது வகையில் வல்லவர். ஒரு தட்டைப் பலமுறை கேட்டாலொழிய அத்தகைய ஒலி அகப்படாது. அவர் செவிக்கல்வி அத்துணை ஆழமானது.

1994-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் வாழ்வு திரும்பிற்று. ஆம்ப் பிட்லர் சென்ற இசைப்பயணத்திலேயே எ டிரைப் கால்டு குவெஸ்ட் என்னும் நியூயார்க்குக் குழுவும் சென்றது. அக்குழுத் தலைவராகிய கியூ டிப்பிடம் அவர் ஜேம்சை அறிமுகப்படுத்தினார். இளைஞர் தந்த ஒலிநாடா கியூ டிப்பின் உள்ளத்தைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியாவைச் சார்ந்த பார்சைடு குழுவுக்கு ஜேம்ஸ் இசை ஆக்கித் தந்தார். அவற்றுள் ‘ரன்னின்’ என்னும் பாட்டு பெரும்புகழ் பெற்றது. பிரேசில் நாட்டுக் கித்தார் இசையும் அமெரிக்க ஜாஸ் இசையும் கலந்த ஒரு பழைய தட்டின் துணுக்கு அதன் உயிராக ஓடுகின்றது. 1996-இல் எ டிரைப் கால்டு குவெஸ்ட் வெளியிட்ட இசைத்தொகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதில் அவர் கைவண்ணம் மிகுதி. ஆனால், உம்மா என்னும் கூட்டுப்பெயரின் கீழ் அவர் பெயர் மறைந்து நின்றது. அவ்வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்பதை உலகம் அறியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்ததில் வியப்பில்லை.

2000-ஆம் ஆண்டு அவருக்கு நல்லாண்டு. சிலம் வில்லேஜ் குழுவின் தொகுதி வெளிவந்தது. காமன் என்பாருக்கு அவர் ஆக்கித் தந்த ‘தி லைட்’ கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பாடகியார் எரிக்கா படூ டெட்ராய்ட்டுக்கே வந்து, அவருடைய நிலவறையில் அடுக்கியிருந்த தட்டுகளுள் தம் மனத்துக்குப் பிடித்த ஒன்றை எடுத்துத் தந்தார். அத்தட்டின் ஒலியிலிருந்தே ஜேம்ஸ் ஒரு பாட்டை ஆக்கினார்.

அதே ஆண்டில் வெளிவந்த டி ஏஞ்சலோவின் ‘வூடூ’ என்னும் தொகுதியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அதில் முரசு முழக்கியவர் குவெஸ்ட்லவ். அவர் மிகத் துல்லியமான காலக்கணக்குக்குப் பெயர் பெற்றவர். ஜேம்சின் பெருமுரசு எதிர்பாராத இடங்களில் விழுவதை முதன்முதலாகக் கேட்டபோது திகைத்துப்போனதாக அவரே பலமுறை கூறியுள்ளார். அத்தாளத்தைத் தம் கையாலும் காலாலும் முழக்க அவர் நெடுநாள் பயின்றார். ஒழுங்கில் ஊறிய உடலை அதினின்று விடுவிக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதன் தன் விரலின் அசைவைப் பொறிக்குள் புகுத்தினான். பொறி முழக்கிய அவ்வசைவை வேறொரு மனிதன் கேட்டுத் தன் உடலில் ஏற்றுக்கொண்டான். பொறியைக் கண்டு மனிதன் ஒழுங்கு கற்ற காலம் போய், பொறியைக் கேட்டு மனிதன் நெகிழ்வு கற்ற காலம் வந்தது.

தம் பெயராலேயே புகழ்பெற வேண்டும் என்ற அவா ஜேம்சுக்கு உண்டு. முதலில் ஜே டீ என்று வழங்கிய தம் பெயரை 2001-ஆம் ஆண்டளவில் ஜே டில்லா என மாற்றிக்கொண்டார். பெரிய நிறுவனம் ஒன்றன் ஒப்பந்தமும் கிடைத்தது. பிறர் ஆக்கிய இசையின்மேல் தாம் ராப் கூறும் தொகுதி ஒன்றை அதற்காக உருவாக்கினார். நிறுவனமோ அதனைக் கிடப்பில் போட்டது. அத்தொகுதி வெளிவந்தது 2016-இல். அதனைக் காண அவர் இல்லை.

2002-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பியவுடன் அவர் நோயுற்றார். நுண்ணிய குருதிக் குழாய்களில் குருதி உறைந்து அடைக்கும் அரிய நோய் அது. உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் லூபசு என்னும் நோயும் பின்னர்க் கண்டறியப்பட்டது. சிறிது தேறிய காலத்தில் மேட்லிப் என்னும் கலைஞரோடு சேர்ந்து 2003-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். அதன்பின் லாஸ் ஏஞ்சலிசில் குடியேறினார். 2005-இல் நோய் முற்றி, நெடுங்காலம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. தாயார் உடனிருந்து பேணினார். நண்பர்கள் ஒரு சிறு பதிவுக் கருவியையும் இசைத்தட்டு இயக்கியையும் படுக்கையருகே கொண்டுவந்து வைத்தனர். மகனுடைய விரல்கள் வீங்கி மடங்காதபோது, அவற்றைத் தாம் நீவிவிட்டதாகவும், நீவியபின் அவர் மீண்டும் வேலையில் ஆழ்ந்ததாகவும் தாயார் கூறியுள்ளார்.

‘டோநட்ஸ்’ என்னும் அவர் தொகுதி முழுவதும் மருத்துவமனைப் படுக்கையிலேயே ஆக்கப்பட்டது என்று ஒரு கதை வழங்குகின்றது. அதன் பெரும்பகுதி அதற்கு முன்னரே வீட்டில் ஆக்கப்பட்டது என்பது சார்னஸ் ஆராய்ந்து கண்ட முடிவு. கதையினும் உண்மை குறைந்ததன்று. நோய் உடலில் இருக்கவே வீட்டில் நாடோறும் உழைத்தவர் அவர். டோநட்டு என்பது வளையம் போன்ற இனிப்புப் பலகாரம். அவருக்கு மிக விருப்பமானது. சிறிய இசைத்தட்டும் நடுவே துளையுடைய வளையமே அன்றோ! தொகுதியில் 31 துண்டுகள் உள. அவற்றுட் பல இரண்டு நிமிடத்துக்கும் குறைந்தவை. சொல்லின்றி, பழைய பாடகர்களின் குரல்துணுக்குகளே ஆங்காங்குப் பேசுகின்றன. முதல் துண்டுக்கு முடிவுரை என்றும், இறுதித் துண்டுக்கு வரவேற்பு என்றும் பொருள்படும் பெயர்களை இட்டிருக்கின்றார். ஒரு துண்டில் பழைய பாட்டை முதலில் அப்படியே ஒலிக்கவிட்டு, பின்னர் அதனை நம் செவிமுன்னேயே துணித்துப் புதிதாகக் கோக்கின்றார். தம் தொழிலின் கமுக்கத்தை வெளிப்படையாகக் காட்டியதுபோல் அஃது உளது. மற்றொன்றில், மோட்டவுன் நிறுவனத்துக்காக ஜாக்சன் சிறுவர்கள் பாடிய பழம்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் நடை இடையில் மெல்ல மெல்லத் தளர்ந்து செல்கின்றது. அத்துண்டின் பெயரிலேயே ‘காலம்’ என்னும் சொல்லை வைத்திருக்கின்றார்.

2005-ஆம் ஆண்டின் இறுதியில், நடக்க இயலாத நிலையிலும், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஐரோப்பிய மேடைகளில் அவர் தோன்றினார். தாயாரும் உடன் சென்றார். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், தம் 32-ஆம் பிறந்தநாளன்று, ‘டோநட்ஸ்’ வெளிவந்தது. மூன்றாம் நாள், பிப்ரவரி 10-இல், லாஸ் ஏஞ்சலிசில் தம் இல்லத்தில் ஜேம்ஸ் மறைந்தார்.

வாழ்ந்த காலத்தில் அவரை நன்கறிந்தோர் பெரும்பாலும் அத்தொழில் செய்தோரே. மறைவுக்குப் பின்னரே பொதுமக்கள் அறிந்தனர். முடிவுறாது கிடந்த மற்றொரு தொகுதியை, அவர் நண்பரும் முரசுக் கலைஞருமாகிய கரீம் ரிக்கின்சு நிறைவு செய்து, அதே ஆண்டில் வெளிவரச் செய்தார். 2009-இல் லாஸ் ஏஞ்சலிசில் வயலின் முதலிய நரம்புக் கருவிகளும் காற்றுக் கருவிகளும் நிறைந்த பெருங்குழு ஒன்று அவருடைய ஆக்கங்களை மேடையில் இசைத்தது. அந்நிகழ்ச்சிக்கு அவர் தாயாரின் செல்லப்பெயரையே இட்டனர். ராபர்ட் கிளாஸ்பர் முதலிய ஜாஸ் கலைஞர்கள் அவர் தாளத்தைப் பியானோவிலும் முரசிலும் பயின்று வாசிக்கலாயினர்.

ஜேம்ஸ் கையாண்ட எம்.பி.சி. 3000 கருவியையும், அவருக்கெனச் செய்யப்பட்ட விசைப்பலகை ஒன்றையும் தாயார் 2014-இல் வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவ்வருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவர் விரல்கள் நாடோறும் அடித்துப் பழகிய அந்தப் 16 சதுரத் தட்டுகளும் அங்கு இசைக் கூடத்தில் இடம்பெற்றன.